எங்கள் வீட்டுக்கு ஏற்ற லினக்ஸ்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

இது கணிப்பொறி யுகம் என்று மேடைதோறும் கேட்கிறோம். கேட்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த யுகம் ஓர் உழவன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காரும்போது என்ன செலவு வைக்கிறது, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை அதே செலவைத் திரும்பக் கேட்கிறது என்பதை எவரும் மேடையில் சொல்வதில்லை. அந்தச் செலவைத் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. அவ்வழியில் நடந்து பார்த்தவள் என்ற முறையில், கண்டதையும் தேர்ந்ததையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டிக் கரையில் ஒரு சிற்றூர். அப்பாவுக்கு ஐந்து மா குத்தகை நிலம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. படித்து, இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறார். அவர் பள்ளியில் படித்தபோது, 2015ஆம் ஆண்டில், அரசு தந்த விலையில்லா மடிக்கணினிதான் எங்கள் வீட்டின் ஒரே கணிப்பொறி. அதில்தான் நான் பைத்தான் பழகுகிறேன். பதினோராம் வகுப்புத் தம்பி அதில்தான் பாடம் பார்க்கிறான். அப்பாவின் அடங்கல் நகலும் பயிர்க் காப்பீட்டு ரசீதும் அதில்தான் இருக்கின்றன. மறைந்த பாட்டியின் படங்களும் அதற்குள்தான்.

முதுமை எய்திய பொறி

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொள்வோருக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டன. அந்நாளுக்குப் பின் கணிப்பொறி நின்றுவிடாது; ஓடும். ஆனால் கதவின் தாழ்ப்பாள் பழுதானால் சரிசெய்ய ஆள் வரமாட்டார்கள். விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. எங்கள் 2015ஆம் ஆண்டுப் பொறியில் இரண்டும் இல்லை. புதிதாக ஒன்று வாங்குவதென்றால், எங்கள் கணக்கில் அது ஒரு சம்பா போகத்தில் மிஞ்சுவதை அப்படியே எடுத்துக் கடையில் வைப்பதாகும்.

பொறி பழுதாகவில்லை. விசைப்பலகை நன்றாக இருக்கிறது. திரை தெளிவாக இருக்கிறது. உழுகிற மாட்டை, லாடம் கிடைக்கவில்லை என்பதற்காக அடிமாட்டுக்கு விற்பார்களா? இந்த எண்ணந்தான் என்னை லினக்ஸ் பக்கம் திருப்பியது.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் எங்கள் வீட்டுக்குப் புதிய விருந்தாளியன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அந்த அரசுத் திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்டது அது. பொத்தானை அழுத்தியதும் திரையில் இரண்டு பெயர்கள் வரும். அண்ணன் எப்போதும் முதல் பெயரையே தேர்ந்தார். அவருடைய நண்பர்களும் அப்படியே. பிறகு ஒரு கடையில் விண்டோஸ் 10 ஏற்றியபோது, கடைக்காரர் இடம் அடைக்கிறது என்று சொல்லி பாஸை அழித்துவிட்டார். இப்படி எத்தனை வீடுகளில் லினக்ஸ் வந்து, முகங்காட்டாமலே திரும்பிப் போயிற்றோ!

ஒரு வித்து, பல நெல்

லினக்ஸ் என்பது என்ன? 1991இல் பின்லாந்து நாட்டில், எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் எழுதி வெளியிட்ட கெர்னல் அது. கெர்னல் என்பது கணிப்பொறியின் உறுப்புகளையும் மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் உட்கரு. அப்போது அவருக்கு வயது 21. நம்மைவிட ஓராண்டு மூத்தவர், அவ்வளவே. அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘க்னூ’ என்னும் திட்டத்தை அறிவித்து, எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்களை ஆக்கத் தொடங்கியிருந்தார். இவ்விரண்டும் கூடியதே இன்று நாம் லினக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வது.

உட்கரு மட்டும் இருந்தால் போதாது. திரைமுகப்பு, எழுதுவதற்கு ஒரு மென்பொருள், இணையம் பார்க்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று என எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரே மூட்டையாகத் தர வேண்டும். அப்படித் தருவதற்குப் பெயர் ‘வழங்கல்’. இவ்வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. புதிதாக வருபவர் திகைத்து நிற்பது இங்கேதான்.

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்கு இந்தத் திகைப்பு வேண்டியதில்லை என்பது என் துணிபு. நெல் என்பது ஒரே சொல். ஆனால் ரகங்கள் எத்தனை! ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த வழியும் உண்டு. லினக்ஸிலும் அப்படியே. 1993இல் தொடங்கிய டெபியன் ஒரு தாய் ரகம். அதிலிருந்து 2004இல் உபுண்டு பிறந்தது. உபுண்டுவிலிருந்து 2006இல் லினக்ஸ் மின்ட் பிறந்தது. நம் பாஸும் டெபியன் வழி வந்ததே. கேரள அரசின் கைட் நிறுவனம் தன் பள்ளிகளுக்கென உபுண்டுவிலிருந்து ஒன்றை ஆக்கி வைத்திருக்கிறது. பெயர்கள் நூறு, குடும்பங்களோ சிலவே. இதை அறிந்தாலே பாதி அச்சம் நீங்கும்.

மூன்று கேள்விகள்

“எது சிறந்த லினக்ஸ்?” என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். என் அப்பாவிடம் “எது சிறந்த நெல்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லமாட்டார், திருப்பிக் கேட்பார்: “எந்தப் பட்டத்துக்கு? மேட்டு வயலா, பள்ள வயலா? தண்ணி எப்ப வரும்?” ஆடுதுறை 36 சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும், குறுவைக்கு அது உகந்தது. சி.ஆர். 1009 விளைய 150 நாளுக்கு மேல் ஆகும், சம்பாவுக்கு உரியது. இரண்டும் நல்ல நெல்தான். ஆனால் இடம் மாறினால் நட்டம் உழவனுக்கே.

அவ்வாறே நானும் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

முதற்கேள்வி, பொறி எப்படிப்பட்டது? எங்களுடையதில் ரேம் 2 ஜிபிதான் இருந்தது. தஞ்சையில் ஒரு கடையில் பழைய ரேம் ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கி, 4 ஜிபி ஆக்கினோம். செயலி 64 பிட் வகை. இதை முதலில் அறிந்துகொள்வது நலம்; ஏனெனில் 32 பிட் மட்டுமே தாங்கும் மிகப் பழைய பொறிகளுக்கு உபுண்டுவும் மின்ட்டும் புதிய பதிப்புகளைத் தருவதில்லை. அவற்றை வைத்திருப்போர் 2023இல் வந்த டெபியன் 12 போன்றவற்றைத்தான் நாட வேண்டும்.

இரண்டாம் கேள்வி, பயன்படுத்துவோர் யார்? நான் மட்டுமென்றால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டியும் காலம் தள்ளுவேன். தம்பியும் இருக்கிறான், அடங்கல் நகலைத் திறந்து பார்க்கும் அப்பாவும் இருக்கிறார். இதுவரை பழகிய முகத்துக்கு நெருக்கமான முகம் வேண்டும். கீழே ஒரு பட்டை, இடக்கோடியில் ஒரு பொத்தான், அதைத் தட்டினால் பட்டியல். இவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

மூன்றாம் கேள்வி, இடர் வந்தால் யாரைக் கேட்பது? ஊரில் ஒருவரும் பயிரிடாத ரகத்தைத் தனியே பயிரிட்டால், பூச்சி விழுந்தபோது அக்கம்பக்கத்தில் யோசனை சொல்ல ஆள் இராது. ஆகவே பலர் பயன்படுத்துவதையே முதலில் எடுக்க வேண்டும். நீண்ட நாள் ஆதரவும் முக்கியம். ஃபெடோரா என்னும் வழங்கல் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பைத் தரும்; ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஓராண்டைச் சற்றே தாண்டும். ஆர்ச் என்பது இடைவிடாமல் மாறிக்கொண்டே இருப்பது. கற்றவர்க்கு அவை இன்பம். தேர்வு நெருங்கும் மார்ச் மாதத்தில், வீட்டின் ஒரே கணிப்பொறியில், அந்த இன்பம் நமக்கு வேண்டாம்.

நாற்றங்காலில் பார்த்தல்

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏற்றுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். நாமாக ஏற்றச் சொன்னாலொழிய, உள்ளே இருப்பதை அது மாற்றாது.

ஆனால் பென்டிரைவுக்கு முன்பே ஒரு மலை நின்றது. மின்ட்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. எங்கள் கைபேசித் திட்டத்தில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி. துறை ஆய்வகத்தில் ஆசிரியரின் அனுமதியோடு அதை இறக்கிக்கொண்டேன். இறக்கியதும் ‘எஸ்.எச்.ஏ. 256’ என்னும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அவ்வெண் முழுதும் மாறிவிடும். கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தராசில் ஏற்றிப் பார்ப்பது போன்றது இது. கணித மாணவர்க்கு இதில் தனி மகிழ்ச்சியும் உண்டு.

மூன்றை இப்படி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வைஃபை, ஒலி, கேமரா, தமிழ் என நான்கு சோதனைகள். உபுண்டு அழகாக இருந்தது. ஆனால் எங்கள் 4 ஜிபி பொறி மூச்சு வாங்கியது. பென்டிரைவில் ஓடும் எதுவும் சற்று மெதுவாகத்தான் இருக்கும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் அது எங்களுக்குக் கனமே. லுபுண்டு இலேசாக ஓடியது. ஆனால் அதன் நீண்ட காலப் பதிப்புக்கு ஆதரவு மூன்றாண்டு. லினக்ஸ் மின்ட்டில் சினமன், மாத்தே, எக்ஸ்.எஃப்.சி.ஈ. என மூன்று முகப்புகள் உண்டு. அவற்றுள் இலேசானது எக்ஸ்.எஃப்.சி.ஈ. 2024இல் வந்த மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு. நான்கு சோதனைகளிலும் அது தேறியது. தம்பி உட்கார்ந்தான், ஒன்றும் கேட்காமல் தானே உலாவியைத் திறந்தான். அதுவே ஐந்தாம் சோதனை.

ஏற்றுவதற்கு முதல் நாள் இரவு நான் சரியாக உறங்கவில்லை என்பதை மறைப்பானேன்? பாட்டியின் படங்கள் வேறெங்கும் இல்லை. அவருக்கென்று ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. அண்ணன் பழைய கைபேசியில் எடுத்த பதினாறு படங்கள்தாம். ஒன்றில் முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். எல்லாக் கோப்புகளையும் இரண்டு பென்டிரைவுகளில் படியெடுத்து, ஒன்றை அத்தை வீட்டில் கொடுத்து வைத்தபின்தான் வேலையைத் தொடங்கினேன். விண்டோஸையும் அழிக்கவில்லை; ஹார்ட் டிஸ்கைப் பங்கிட்டு, இரண்டையும் அருகருகே வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. முதலில் திறந்து பார்த்தது அந்தப் பதினாறு படங்களைத்தான். பதினாறும் இருந்தன.

மின்ட்டில் ‘டைம்ஷிப்ட்’ என்று ஒரு வசதி உண்டு. இன்றைய நிலையை அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு, நாளை ஏதேனும் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இயங்குதளத்தின் கோப்புகளைத்தான் அது காக்கும். நம் படங்களையும் பாடங்களையும் நாம்தான் தனியே படியெடுக்க வேண்டும். ஏற்றிய அன்றே இதை இயக்கி வைப்பது நன்று.

தமிழும் பாடமும்

அன்னைத் தமிழில் எழுத முடியாத பொறி நமக்கு எதற்கு? 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கிடைக்கிறது. ஐபஸ் என்னும் சிறு மென்பொருளைச் சேர்த்தால் போதும். இக்கட்டுரையை நான் தட்டியதும் அதில்தான். திரைமுகப்பையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். சில சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் எஞ்சி நிற்கும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே, பல நாடுகளில் சிதறியிருந்த தமிழன்பர்கள் கூலி ஏதும் வாங்காமல் லினக்ஸின் திரைமுகப்பைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். 2012 முதல் ‘கணியம்’ என்னும் இதழ் இத்தகைய செய்திகளை எளிய தமிழில் தருகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்கள் தமிழ்க் குரலிலும் உள்ளன. லிப்ரே ஆபீஸ், பைத்தான் போன்றவற்றை வீட்டிலிருந்தே கற்கலாம். கணித மாணவர்க்கு ஜியோஜீப்ராவும் ஆக்டேவும் லேடெக்கும் ஒரு காசு செலவின்றிக் கிடைக்கின்றன.

குறைகளையும் மறைக்கலாகாது. வணிகவியல் நண்பர்கள் கற்கும் டேலி, விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. அச்சகங்களில் உள்ள பேஜ்மேக்கருக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. சில விளையாட்டுகள் ஓடா; தம்பி அதற்காக ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். வேர்டில் செய்த கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்தால் பக்க அமைப்பு சில வேளை நகர்ந்துவிடும். ஆகையால் ஆசிரியரிடம் ஒப்படைக்கும் தாளை பி.டி.எஃப். ஆக்கித் தருவது என் வழக்கம். இவற்றுக்காகத்தான் விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஒன்றை ஏற்பதற்கு மற்றொன்றைப் பழிக்க வேண்டியதில்லை.

“ஓசியில் கொடுப்பவனுக்கு என்ன லாபம்?”

எல்லாம் முடிந்ததும் அப்பா ஒரு கேள்வி கேட்டார்: “ஏம்மா, ஓசியில கொடுக்கிறானே, அவனுக்கு என்ன லாபம்?” நியாயமான கேள்வி. இலவசம் என்று வாசலுக்கு வந்தவற்றின் பின்னால் என்னென்ன வந்தன என்பதை அவர் அறிவார்.

நான் அவர் கையிலிருந்த கைபேசியைக் காட்டினேன். ஆண்டிராய்டின் உட்கருவும் லினக்ஸ்தான். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பெரிய நிறுவனங்கள் தம் வேலை நடப்பதற்காகவே பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து இதைத் திருத்துகின்றன. திருத்தியதைப் பிறருக்கு வழங்கும்போது, அதன் மூலநிரலையும் அதே உரிமையோடு தர வேண்டும் என்பது லினக்ஸ் உட்கருவின் உரிமம்.

அப்பாவுக்கு இது முழுதும் விளங்கவில்லை. ஆகவே திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ‘நெல்’ ஜெயராமனைப் பற்றிச் சொன்னேன். 2018இல் மறைந்த அப்பெருமகன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய விதைத் திருவிழாவில் உழவர்க்கு இரண்டு கிலோ விதை நெல் தருவார், பணம் வாங்கமாட்டார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது வேறு உழவர்க்குப் போகும். “அப்படியா, விதை நெல்லு மாதிரியா!” என்றார் அப்பா. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நமக்கு வாய்த்தவை பெரும்பாலும் பிறர் தேர்ந்து தந்தவை. எதிலும் ‘இதுவா, அதுவா’ என்று கேட்கும் பழக்கம் நமக்குக் குறைவு. எங்கள் வீட்டில் அண்ணன் காலத்தில் வந்த லினக்ஸ் திறக்கப்படாமலே போனதற்கு, அதை எப்படித் தேர்வது என்று சொல்ல ஒருவர் இல்லாததே காரணம். அக்குறையை நாமே நீக்கலாம். மின்ட் எழுதிய பென்டிரைவ் ஒன்றைத் துறை ஆய்வகத்தில் வைக்க எங்கள் ஆசிரியர் இசைந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் நானும் இரு தோழியரும் அங்கே இருப்போம். உங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினியைக் கொண்டு வாருங்கள். அதன் ரேம் எவ்வளவு, வீட்டில் அதைத் தொடுவோர் யார் யார் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். கோப்புகளைப் படியெடுக்க இன்னொரு பென்டிரைவும் வேண்டும். எந்த ரகம் பொருந்தும் என்பதைக் கூடியிருந்து பார்ப்போம். கற்றுக்கொண்டு போகிறவர் அடுத்த ஆண்டு இருவருக்குக் கற்றுத் தர வேண்டும். இது ஒன்றே நாங்கள் கேட்கும் கூலி.